ரோம்: வியாழன் மதியம் முதல் திங்கள் காலை வரை

புறப்படும் முன்

ரோமுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் வரைபடத்தை விரிக்கிறார்கள். விரிக்க வேண்டியது நாள்காட்டியை. பழைய நகரம் சின்னதுதான். பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியனிலிருந்து கொலோசியத்துக்குப் பொடிநடையாகப் போனால் அரை மணி நேரம். பயணத்தைக் கெடுப்பது தூரமில்லை, கிழமை.

வாடிகன் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அன்றைக்கு 12.30 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், கூட்டமும் சொல்லி மாளாது. போர்கேசே கலைக் காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. புதன் காலையில் பெரும்பாலும் புனித பேதுரு சதுக்கத்தில் போப்பின் பொதுச் சந்திப்பு நடக்கும். அது முடிந்து கூட்டம் கலையும் வரை பேராலயத்துக்குள் போக முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அன்று கொலோசியம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால், வியாழன் மதியம் இறங்கி திங்கள் காலை கிளம்புவதுதான் சரியாகப் பொருந்துகிறது. வெள்ளி வாடிகனுக்கு, சனி கொலோசியத்துக்கு, ஞாயிறு ஊருக்கு வெளியே பண்டைய ஆப்பியன் சாலைக்கும் மாலையில் போர்கேசேக்கும்.

மாதம் எது? ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் சென்னையை நினைவுபடுத்தும், நிழல்தான் இருக்காது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி உள்ளூர்க்காரர்கள் கடையை அடைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் பெரிய பாடு. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பொங்கலுக்குள் நாள் பிடித்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்ல வேண்டும், தங்கும் நாள் ஒன்றுகூட விடுபடக் கூடாது. பாரிஸையும் சேர்த்துப் போகிறீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா வரும்வரை விடுதியை ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது டிக்கெட். மூன்றே மூன்றுக்குத்தான் நேரம் குறித்த முன்பதிவு உயிர்நாடி: போர்கேசே, வாடிகன் அருங்காட்சியகங்கள், கொலோசியம். முதல் இரண்டையும் விசா கைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். கொலோசியம் டிக்கெட் 30 நாளுக்கு முன்புதான் விற்பனைக்கே வரும். நல்ல நேரங்கள் வந்த வேகத்தில் போய்விடும், அதனால் 30ஆம் நாளன்று கணினி முன் உட்காருங்கள். டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். நம்மவர்களுக்கு இங்கேதான் இடறும். இனிஷியல் வைத்துப் பழகிய பெயரை அப்படியே தட்டாமல், கடவுச்சீட்டில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே கட்டங்களில் நிரப்புங்கள். அசல் கடவுச்சீட்டைக் கையில் கொண்டு போங்கள்.

அதிகாரபூர்வ தளத்தில் கொலோசியம் சாதாரண டிக்கெட் 18 யூரோ, வாடிகன் 20 யூரோவோடு இணையப் பதிவுக்கு 5 யூரோ. தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் மறுவிற்பனைத் தளம். அதே டிக்கெட்டை இரண்டு மூன்று மடங்குக்கு விற்கும். கொலோசியம் டிக்கெட்டுகளைத் தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளுகிறார்கள் என்ற விவகாரத்தில் இத்தாலியப் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதிகாரபூர்வத் தளத்தில் தீர்ந்துவிட்டால் வழிகாட்டியோடு வரும் சுற்றுலாவுக்குக் காசு கொடுங்கள்; அதற்காவது ஒரு பொருள் உண்டு. வெறும் டிக்கெட்டுக்கு மும்மடங்கு தராதீர்கள்.

தங்குமிடத்துக்கு மூன்று பகுதிகளைப் பார்க்கலாம். மோந்தி, கொலோசியத்துக்கும் தெர்மினி ரயில் நிலையத்துக்கும் நடுவே இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு அதுதான் வசதி. பிராத்தி, வாடிகன் பக்கம், அமைதியான நேரான தெருக்கள். திரஸ்தேவெரே மாலையில் அழகு, ஆனால் மெட்ரோ இல்லை, இரவு சத்தமும் அதிகம். தெர்மினியைச் சுற்றி மலிவு. எங்கே எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? பழைய கட்டடங்களில் நான்காம் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிவரும். நகர வரி தனி. விடுதியின் தரத்தைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ முதல் 10 யூரோ வரை, பெரும்பாலும் அங்கேயே கட்டச் சொல்வார்கள். முன்பதிவுத் தொகையில் அது சேராது.

வியாழன்

ஃபியூமிச்சீனோ விமான நிலையத்தில் முதல் தாமதம் குடியேற்ற வரிசை. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிகிறார்கள், முதல் முறை வருகிறவர்களுக்கு நேரம் எடுக்கும். மதியம் 12க்கு இறங்கினால் 2 மணிக்கு ரயிலில் இருப்போம் என்று கணக்கு வையுங்கள், அதற்கு முன் எதையும் பதிவு செய்யாதீர்கள்.

நகரத்துக்கு இரண்டு ரயில்கள். லியோனார்தோ எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினி போகும், 14 யூரோ. எஃப்.எல்.1 என்ற உள்ளூர் ரயில் 8 யூரோ. திரஸ்தேவெரே, ஓஸ்தியென்சே, திபுர்தினா வழியாகப் போகும். இரண்டாவது தெர்மினிக்குப் போகாது என்பது பலருக்கு ஏறிய பிறகுதான் தெரிகிறது. மூன்று நான்கு பேர், பெட்டிகளும் இருக்கின்றன என்றால் டாக்சி கட்டுப்படியாகும். பழைய நகரைச் சுற்றியிருக்கும் ஔரேலியன் மதிலுக்கு உள்ளே எங்கே இறங்கினாலும் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம். அரசு அங்கீகாரம் பெற்ற வெள்ளை டாக்சி வரிசைக்குப் போங்கள். வருகைக் கூடத்திலேயே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று கூப்பிடுகிறவரோடு போக வேண்டாம்.

நகருக்குள் ஒரு பயணச்சீட்டு 1.50 யூரோ. அதில் 100 நிமிடம் பேருந்து, டிராம் எதிலும் மாறி மாறிப் போகலாம், மெட்ரோ ஒரு தடவை மட்டும். வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் குடும்பத்துக்கே தட்ட முடியாது. காகிதச் சீட்டு என்றால் பேருந்தில் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு சீட்டே இல்லை என்பதுதான் பரிசோதகரின் கணக்கு. தெர்மினிக்கும் வாடிகனுக்கும் ஓடும் 64ஆம் எண் பேருந்து ஜேப்படிக்குப் பேர்போனது. மெட்ரோ ஏ தடத்தில் கதவு மூடும் நொடியில் நெருக்கியடித்து ஏறும் கூட்டத்தையும் கவனியுங்கள். ஏ.டி.எம். திரை ‘ரூபாயில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவிலேயே எடுங்கள். அந்த மாற்று விகிதத்தில் நமக்கு எப்போதும் நஷ்டம்தான்.

மாலை நான்கு மணிக்குப் பாந்தியன். நான்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ரோமின் பல தேவாலயங்கள் பன்னிரண்டரை வாக்கில் அடைத்து நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். மதிய நேரத்தைத் தேவாலயங்களுக்கு ஒதுக்கினால் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்கலாம். பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ கட்டணம். பேரரசன் ஹேட்ரியன் காலத்தில் கட்டி முடித்தது. குவிமாடத்தின் விட்டமும், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். கம்பி இல்லாத கான்கிரீட். கீழே கனமான கல் ஜல்லியில் தொடங்கி உச்சியில் நுரைக்கல் வரை எடையைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். உச்சித் துளையின் வழியே மழை உள்ளே பெய்யும். தரையைக் குனிந்து பாருங்கள்: நடுப்பகுதி லேசாக மேடாக இருக்கும், பளிங்கில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் 22. எல்லோரும் அண்ணாந்து நிற்பதால் காலடியில் இருக்கும் இதைப் பார்க்கிறவர் குறைவு.

ஐந்து நிமிட நடையில் புனித இக்னேசியஸ் ஆலயம். அதற்குக் குவிமாடமே இல்லை. அந்திரேயா போட்சோ 1685இல் துணியில் வரைந்து மேலே பொருத்தினார். தரையில் பதித்த வட்டக் கல்லின் மேல் நின்றால் கோபுரம் நிஜம் போலவே எழும், நாலடி நகர்ந்தால் சாய்ந்துவிடும். உள்ளே ஒரு நீண்ட வரிசை இருக்கும். அது சாய்த்து வைத்த கண்ணாடியில் படம் எடுப்பதற்கு. விதானத்தை அண்ணாந்து பார்க்க வரிசை தேவையில்லை.

ஐந்தரைக்கு இயேசு சபையின் தாய் ஆலயமான ஜெசூ. இடப்பக்கம் புனித இக்னேசியஸ் பீடத்தில் ஒரு பெரிய ஓவியம். மாலை ஐந்தரை வாக்கில் இசையோடு அந்த ஓவியம் மெல்லக் கீழிறங்க, பின்னாலிருந்து அவருடைய சிலை வெளிப்படும். பரோக் காலத்து மேடைத் தந்திரம். நேர் எதிரே வலப்பக்கப் பீடத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது புனித பிரான்சிஸ் சவேரியாரின் வலக்கை. முத்துக்குளித்துறையில் பரதவர் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்த கை என்றுதான் அதை வணங்குகிறார்கள். உடல் கோவாவில், கை இங்கே. தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்தவர்களுக்கு மைக்கேலாஞ்சலோவைவிட இது நெருக்கமாக இருக்கலாம்.

இருட்டும் நேரத்தில் நவோனா சதுக்கம். சிற்பி பெர்னினியின் 1651ஆம் ஆண்டு நான்கு ஆறுகள் நீரூற்றில் நான்கு கண்டங்களுக்கு நான்கு ஆறு. ஆசியாவுக்குக் கங்கை, கையில் நீளத் துடுப்போடு. சாப்பாட்டுக்கு ஏழரைக்கு முன் நல்ல உணவகங்களில் அடுப்பே மூட்டமாட்டார்கள். திரேவி நீரூற்றைக் கடைசிக்கு வையுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை ஆறு மணிக்கு. 2024 டிசம்பரில் சீரமைப்பு முடிந்ததிலிருந்து ஒரே நேரத்தில் 400 பேருக்கு மேல் அருகே விடுவதில்லை. நீரூற்று விளிம்பில் கால் நனைத்தாலும், ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்கார்ந்தாலும் அபராதம்.

வெள்ளி

முதலில் ஓர் எச்சரிக்கை. இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் சகஜம், அதிலும் வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை முந்தைய நாள் செய்தியில் தேடிப் பாருங்கள். அன்றும் காலை எட்டரை வரை, பிறகு மாலை 5 முதல் 8 வரை நகரப் பேருந்தும் மெட்ரோவும் ஓடியாக வேண்டும் என்பது விதி. அதிகாலையில் கிளம்புகிறவர்களுக்குப் பாதிப்பு குறைவு.

வாடிகனில் பெரும்பாலோர் அருங்காட்சியகத்தில் தொடங்கிப் பேராலயத்தில் முடிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். பேராலயம் காலை 7க்குத் திறக்கும், நுழைவு இலவசம். ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை 9 மணிக்கு மேல் சதுக்கத்தை வளைத்துக்கொள்ளும். ஏழுக்குப் போனால் பத்து நிமிடத்தில் உள்ளே. ஆண், பெண் யாராக இருந்தாலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிலை. 1972இல் ஒருவர் சுத்தியலால் தாக்கியதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால். கூட்டம் சேர்வதற்குள் அதை முடித்துவிட்டுக் குவிமாடம் ஏறுங்கள். மொத்தம் 551 படி. லிஃப்ட் எடுத்தால் கூரை வரை போய், மிச்சம் 320 படியை எப்படியும் ஏறத்தான் வேண்டும். மேலே போகப் போகக் குவிமாடத்தின் வளைவோடு சுவரும் சாயும், ஒருவர் மட்டுமே போகக்கூடிய அகலம், நடுவில் திரும்பி இறங்க வழி கிடையாது. முழங்கால் வலி, மூச்சுத் திணறல், அடைத்த இடத்தில் பயம் என்று எது இருந்தாலும் கூரையோடு நிறுத்திக்கொள்ளலாம்; அங்கிருந்து தெரிவதும் மோசமில்லை.

வெளியே வந்ததும் சதுக்கத்தில் நடுத் தூணுக்கும் நீரூற்றுக்கும் இடையே தரையில் ஒரு வட்டக் கல்லைத் தேடுங்கள். அரைவட்டமாகச் சுற்றி நிற்கும் 284 தூண்கள் நான்கு வரிசை. அந்தக் கல்லின் மேல் நின்றால் பின்னால் இருக்கும் மூன்று வரிசையும் மறைந்து ஒற்றை வரிசை ஆகிவிடும். ஓரடி பக்கவாட்டில் வைத்தால் மறுபடி காடு.

அருங்காட்சியகத்தின் வாசல் சதுக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு வாடிகன் சாலைக்கு 15 முதல் 20 நிமிடம் நடக்க வேண்டும். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு ஒத்தவியானோ நிறுத்தம். 11 மணி டிக்கெட் எடுத்திருந்தால் நடுவில் காலைச் சிற்றுண்டிக்கும் நேரம் கிடைக்கும். வழியில் ‘வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறோம்’ என்று அட்டை தொங்கவிட்டவர்கள் இருபது பேராவது மறிப்பார்கள். கையில் டிக்கெட் இருக்கிறவர் நிற்கவே வேண்டாம்.

உள்ளே மொத்தக் காட்சிவழி சுமார் 7 கிலோமீட்டர் என்பார்கள். கூட்டம் ஒரே திசையில் சிஸ்டைன் சிற்றாலயத்தை நோக்கி ஓடும். இங்கே ஒரு தேர்வு செய்தாக வேண்டும். நுழைவாயில் பக்கமே இருக்கும் ஓவியக்கூடத்தை முதலில் பாருங்கள். ரஃபேலின் கடைசி ஓவியமான இயேசுவின் உருமாற்றமும், காரவாஜ்ஜோ வரைந்த இயேசுவின் நல்லடக்கமும் அங்கே பெரும்பாலும் ஆளரவம் இல்லாமல் கிடக்கும். ‘திரும்பி வரும்போது பார்க்கலாம்’ என்று விட்டால் கால் கெஞ்சும் நிலையில் யாரும் வருவதில்லை. பிறகு எகிப்துப் பகுதியைத் தாண்டிவிட்டு லாவோகோவோன் சிலை. அடுத்து வரைபடக் கூடம், 120 மீட்டர் நீளம், சுவரில் இத்தாலியப் பகுதிகளின் 40 வரைபடங்கள், 1580களில் வரைந்தவை. அங்கிருந்து ரஃபேல் அறைகள். ஏதன்ஸ் பள்ளி ஓவியத்தின் எதிர்ச்சுவரோரம் நின்றுகொண்டால் கூட்டம் உங்களைத் தள்ளாமல் போகும்.

சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கத் தடை, பேசவும் கூடாது. விதானம் 20 மீட்டர் உயரத்தில். சின்ன இருகண்ணோக்கி ஒன்று பையில் இருந்தால் நல்லது. நடுவில் நின்று கழுத்தை ஒடித்துக்கொள்ளாமல் பக்கச் சுவரோர இருக்கை காலியாகும் வரை பொறுத்து உட்காருங்கள். மைக்கேலாஞ்சலோ 1508இல் தொடங்கி 1512இல் முடித்தார், பீடத்துக்கு எதிர்க்கோடியில் இருக்கும் வாசல் பக்கமிருந்து பீடத்தை நோக்கி. அதனால் வாசல் பக்கத்து ஊழிவெள்ளக் காட்சியில் உருவங்கள் பொடிப்பொடியாக, நெருக்கியடித்து இருக்கும். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பீடத்தை நெருங்க நெருங்க உருவங்கள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, ஆதாமுக்கு வரும்போது இரண்டு கைகளும் நடுவே வெற்றிடமும் போதும் என்று ஆகிவிடுகிறது. இதை வாசலிலிருந்து பீடம் வரை வரிசையாகப் பார்த்துவிட்டுப் பிறகு பீடச் சுவரின் இறுதித் தீர்ப்புக்கு வாருங்கள். அது 1541இல் முடிந்தது.

சிற்றாலயத்தின் பின் வலது கதவு வழியாக நேரே பேராலயத்துக்குப் போய்விடலாம் என்று பல குறிப்புகளில் இருக்கும். அது வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கானது, சில நாள் பூட்டியும் இருக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பை காப்பறையில் கொடுத்திருந்தால் எப்படியும் வாசலுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

மிச்சப் பொழுதுக்கு எதுவும் வேண்டாம். சாந்த் ஆஞ்சலோ பாலத்தில் சூரியன் மறைவது போதும்.

சனி

கொலோசியத்துக்கு எட்டரை மணி டிக்கெட். 20 நிமிடம் முன்பே போய்விடுங்கள். பெரிய முதுகுப்பை, பெட்டி, கண்ணாடிப் பாட்டில் எதற்கும் அனுமதியில்லை, வைத்துவிட்டுப் போகவும் இடமில்லை. விடுதியைக் காலி செய்யும் நாளில் கொலோசியத்தை வைக்காததற்கு அதுதான் காரணம். டிக்கெட்டில் குறித்த நேரம் கொலோசியத்துக்கு மட்டும். அதே டிக்கெட்டில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும், அதை ஒட்டிய பாலத்தீன் குன்றும் 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவை. ஒரு தடவை என்றால் ஒரே தடவைதான். சாப்பிட வெளியே வந்துவிட்டு மறுபடி போக முடியாது.

உள்ளே போவதற்கு முன் வடக்குப் பக்கத்தில் நின்று வளைவுகளின் மேலே பாருங்கள். ரோமன் எண்கள் செதுக்கியிருக்கும், 23 முதல் 54 வரை இன்னும் படிக்கலாம். தரைத்தளத்தில் 80 வளைவுகள், 76க்கு எண் உண்டு. பார்வையாளரின் சீட்டில் எந்த எண்ணோ அந்த வளைவு வழியாக உள்ளே போய் அந்தப் படிக்கட்டில் ஏற வேண்டும். ஐம்பதாயிரம் பேரை நெரிசலில்லாமல் உட்காரவைத்த ஏற்பாடு இது. கல் முழுக்க அம்மை வடு போல ஓட்டைகள் இருப்பதைப் போர்க்காயம் என்று சொல்லக் கேட்கலாம். அப்படியில்லை. கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். தெற்குப் பக்க வெளிச்சுவர் 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது, அந்தக் கல்லெல்லாம் நகரத்தின் மற்றக் கட்டடங்களுக்குப் போனது. மிச்சச் சுவர் விழாமல் இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் முட்டுச்சுவர்கள் 19ஆம் நூற்றாண்டு வேலை.

நிலவறைக்கும் அரங்கத் தரைக்கும் தனி டிக்கெட் இருக்கிறது, கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் வருத்தம் வேண்டாம். இரண்டாம் தளத்திலிருந்தே நிலவறைச் சுவர்கள் தெளிவாகத் தெரியும்.

பத்தரைக்கு வெளியே வந்ததும் கூட்டம் தீத்துஸ் வளைவு வாசலுக்குப் போகும். நீங்கள் சான் கிரகோரியோ தெரு வாசலுக்குப் போங்கள். வரிசை சின்னது, நேராகப் பாலத்தீன் குன்றுக்கு ஏற்றிவிடும். மேலே பைன் மர நிழல். குன்றின் வடக்கு விளிம்பிலிருந்து ஃபோரம் முழுவதையும் பார்த்து, எது எங்கே என்று மனத்தில் பதித்துக்கொண்டு கீழே இறங்கினால் இடிபாடுகள் வெறும் கற்குவியலாகத் தெரியாது.

ஃபோரத்தில் நிழலே கிடையாது. புனித வீதியின் கருங்கல் பாளங்கள் வழவழப்பாகத் தேய்ந்து மேடுபள்ளமாக இருக்கும், செருப்போடு நடந்தால் கணுக்கால் பிசகும். தண்ணீர்ப் புட்டியை மட்டும் மறக்காதீர்கள். தெருக்குழாய்கள் ஊர் முழுக்க உண்டு, எல்லாம் குடிநீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலிருக்கும் சின்ன ஓட்டை வழியே நீர் பீறிட்டு எழும், குனியாமல் குடிக்கலாம்.

நிறுத்திப் பார்க்க வேண்டியது அந்தோனீனுஸ் ஃபௌஸ்தீனா கோயில், 141இல் எழுப்பியது. தூண்களுக்குப் பின்னால் இருக்கும் தேவாலயத்தின் பச்சைக் கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். கதவு வைத்த காலத்தில் மண் அந்த உயரத்துக்கு நிறைந்திருந்தது, தோண்டியபோது கதவு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. தூண்களின் தலைப்பகுதியில் சாய்வான வெட்டுத் தடங்களையும் பாருங்கள். கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த அடையாளம் என்கிறார்கள்.

அதை அடுத்துக் கொஞ்சம் நடந்தால் மக்சென்சியுஸ் பசிலிக்கா என்ற பழைய ரோமானியப் பொதுமண்டபத்தின் மூன்று பிரம்மாண்ட வளைவுகள். அதற்கு அடியில் பேரரசன் தொமீத்தியன் முதல் நூற்றாண்டில் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. அரபிக்கடல் தாண்டி, அலெக்சாந்திரியா வழியாக வந்த மிளகு. முசிறித் துறையில் யவனர் பொன்னைக் கொடுத்துக் கறி எனும் மிளகை ஏற்றிப் போனார்கள் என்று சங்கப் பாட்டில் படித்த சரக்கு வந்து இறங்கிய இடம் ஏறத்தாழ இதுதான். கரூரிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் மண்ணைத் தோண்டினால் ரோமானியக் காசு கிடைப்பதன் மறுமுனை. இந்தக் கிடங்கைப் பற்றித் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மறுகோடியில் செப்டிமியுஸ் செவெருஸ் வளைவுப் பக்கம் வெளியேறினால் கேப்பிட்டல் குன்று. மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தில் குதிரை மேல் இருக்கும் பேரரசன் மார்க்குஸ் ஔரேலியுஸ் சிலையின் நகல், அசல் வெண்கலம் அருங்காட்சியகத்துக்குள். நேரம் இல்லாதவர்கள் நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்க மேடைக்குப் போகலாம். ஃபோரம் முழுவதும் காலடியில், காசு கிடையாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நாளில் ஒரு வார்த்தை. ரோமின் நான்கு பேர்பெற்ற பாஸ்தாக்களில் கார்போனாரா, அமாத்ரிசியானா, கிரீசியா மூன்றிலும் பன்றிக் கன்னக் கொழுப்பு. நான்காவது காச்சோ எ பேப்பே, பெகொரீனோ பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும். ஆனால் பெகொரீனோவை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் எடுத்த நொதி. கண்டிப்பான சைவர்கள் தக்காளியும் துளசியும் போட்ட பாஸ்தா கேட்டு, ‘பாலாடைக்கட்டி வேண்டாம்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘இறைச்சி இல்லாமல்’ என்றால் மீனோடு வரலாம். சூப்லீ என்ற அரிசி உருண்டைக்குள் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. எடைபோட்டு விற்கும் சதுரப் பீட்சா கடைதான் எளிது, எதில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வாங்கலாம். அரிசியும் பருப்பும் தேவைப்பட்டால் தெர்மினிக்குத் தெற்கே எஸ்குயிலீனோ சந்தையில் தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

மாலையில் கால் ஒத்துழைத்தால் நவோனா அருகே பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயிஸ் ஆலயம். இடக்கோடிச் சிற்றாலயத்தில் காரவாஜ்ஜோவின் மத்தேயு ஓவியங்கள் மூன்று, டிக்கெட் இல்லை. சில்லறை நாணயம் கொண்டு போங்கள். பெட்டியில் போட்டால்தான் விளக்கு எரியும்.

ஞாயிறு

வாடிகன் அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாள், ஆப்பியன் சாலையின் பழைய பகுதியில் வண்டிகள் குறையும் நாள். கிமு 312இல் போடத் தொடங்கிய சாலை, 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 118ஆம் எண் பேருந்து புனித கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறை வரை போகும். ஞாயிறு என்பதால் இடைவெளி நீளம், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கலிஸ்துஸ் கல்லறைக்குப் புதன் விடுமுறை, பக்கத்திலிருக்கும் புனித செபஸ்தியான் கல்லறைக்கு ஞாயிறு விடுமுறை. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு. மதியம் 12 முதல் 2 வரை இடைவேளை. வழிகாட்டியோடு மட்டுமே இறங்க முடியும், வெளியே எவ்வளவு வெயிலானாலும் உள்ளே 16 டிகிரி. ஒரு சால்வை போதும். நான்கு அடுக்கில் 20 கிலோமீட்டர்ச் சுரங்கத்தில் நமக்குக் காட்டுவது சிறு பகுதிதான்.

மேலே வந்து செசிலியா மெத்தெல்லாவின் வட்டக் கல்லறையைத் தாண்டி நடந்தால், தேர்ச்சக்கரத் தடம் பதிந்த மூலப் பாளங்கள் வரும். அங்கேயே திரும்பிவிடலாம், மணி ஒன்றுக்கு மேல் தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் மூன்றுக்குப் போர்கேசே.

போர்கேசேயில் நேரம் தவறினால் டிக்கெட் போச்சு, வாதாடிப் பயனில்லை. இரண்டு மணி நேரம் மட்டும், முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பார்பெரீனி மெட்ரோவிலிருந்து ஏற்றத்தில் 20 நிமிட நடை, பையை ஒப்படைக்கப் பத்து நிமிடம். இரண்டரைக்கு வாசலில் நில்லுங்கள். எல்லோரும் கீழ்த்தளத்தில் மொய்ப்பார்கள். முதலில் மாடிக்கு ஏறி ஓவியர் திஷியனின் படங்களைப் பார்த்துவிட்டு அரை மணியில் இறங்கினால் கீழே இடம் கிடைக்கும். அப்போலோ துரத்த மரமாக மாறும் தாஃப்னேயைக் காட்டும் பெர்னினியின் சிலையைப் பின்புறமிருந்து தொடங்கிச் சுற்றி வாருங்கள். ஓடுகிற ஒருவனின் முதுகு, பிறகு மரப்பட்டை ஏறும் இடுப்பு, கடைசியில் இலையாகும் விரல் நுனி. புரோசெர்பினா சிலையில், அவளைக் கடத்தும் பாதாள தேவன் புளூட்டோவின் விரல்கள் தொடையில் அழுந்திய பள்ளம் பளிங்கு என்று நம்ப முடியாது. செதுக்கியபோது பெர்னினிக்கு வயது இருபத்து மூன்று. காரவாஜ்ஜோ அறையில் தாவீதின் கையில் தொங்கும் கோலியாத்தின் தலை ஓவியரின் சொந்த முகம்.

திங்கள்

லியோனார்தோ எக்ஸ்பிரஸ் தெர்மினியின் ஓரக்கோடி நடைமேடையிலிருந்து கிளம்பும். வாசலிலிருந்து பெட்டியோடு நடக்கப் பத்து நிமிடம் வையுங்கள். கருங்கல் பதித்த தெருவில் பெட்டிச் சக்கரம் உடைவது சர்வசாதாரணம் என்பதால் விடுதியிலிருந்து நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டோ டாக்சியிலோ போவது நல்லது. காகிதச் சீட்டு வாங்கியிருந்தால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். ஒரே ரசீதில் 70 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கி, கடையில் வரி திரும்பப் பெறும் படிவமும் கேட்டு வாங்கியிருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே சுங்க முத்திரையை முடிக்க வேண்டும். பொருளைக் காட்டச் சொல்வார்கள். வழியில் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் விமானம் மாறினால் கைப்பையில் இருக்கும் பொருளுக்கு முத்திரை அங்கேதான். புறப்பாட்டு வாசலுக்கு முன்பும் குடியேற்ற வரிசை உண்டு, அதனால் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள்.